கிராமத் தொடக்கப் பள்ளியில் பிள்ளைகள் படித்தது மனதில் நிற்கவும், அவர்கள் பாதியில் நின்றுவிடாமல் இருக்கவும் என்ன செய்யலாம்?

நீங்கள் சமீபத்தில் பணியில் சேர்ந்த ஆசிரியர் என்று எடுத்துக்கொள்கிறேன். சொல்லிக்கொடுத்தது மறுநாளே மறந்துபோகிறது, பிள்ளைகள் திடீரென்று வராமல் நின்றுவிடுகிறார்கள், பெற்றோருக்கும் அக்கறை இல்லை என்று கேட்டிருக்கிறீர்கள். அந்தக் கடைசி வரி உறுத்தியதால்தான் எழுதுகிறேன். கிராமத்துப் பள்ளிகளில் ஒன்று முதல் ஐந்து வரை எல்லா வகுப்புக்கும் நெடுங்காலம் பாடம் எடுத்தவள் நான். பெற்றோருக்கு அக்கறை இல்லை என்று முடிவு கட்டிவிட்டால் அதற்குப் பிறகு ஆசிரியருக்குச் செய்ய ஒன்றுமே இருக்காது.

மறதி, இடைநிற்றல் என்று இரண்டாகக் கேட்டிருக்கிறீர்கள். நான் பார்த்தவரை இரண்டுக்கும் வேர் ஒன்று. இரண்டாம் வகுப்பிலேயே எழுத்துக் கூட்டத் தடுமாறும் பிள்ளை மூன்றாம் வகுப்பில் சத்தம் போடாமல் உட்கார்ந்திருக்கும். நான்காம் வகுப்பிலும் அப்படியே. வீட்டில் ஏதாவது வேலை வந்ததும் வருவதை நிறுத்திவிடும். பதிவேட்டில் நாம் குறிப்பது அந்தக் கடைசி நாளை. ஆனால் அந்தப் பிள்ளை பள்ளியை விட்டுப் போனது இரண்டு வருடம் முன்பே.

நான்காம் வகுப்புப் பையன் ஒருவன். கையெழுத்து அச்சு மாதிரி இருக்கும். கரும்பலகையில் இருப்பதைப் பிழையில்லாமல் எழுதிவிடுவான். பாடத்தைக் கேட்டால் மனப்பாடமாகவும் ஒப்பிப்பான். வாரத்தில் பாதி நாள் வரமாட்டான். வரும் நாளில் இவ்வளவு நன்றாகச் செய்கிறவன் ஏன் வராமல் இருக்கிறான் என்று எனக்குப் பிடிபடவில்லை. ஒருநாள் மற்றவர்கள் வெளியே விளையாடும்போது அவனைப் பக்கத்தில் உட்காரவைத்து, அவன் பார்த்திராத நாலு வரிக் கதை ஒன்றைக் கொடுத்தேன். தாளையே பார்த்துக்கொண்டிருந்தான். ஒரு சொல்லின் மேல் விரலை வைத்து இது என்ன என்றேன். முதல் எழுத்தைச் சொன்னான். அடுத்தது வரவில்லை. அவன் இத்தனை நாள் எழுதியதெல்லாம் வரைந்தது, ஒப்பித்ததெல்லாம் காதால் கேட்டது.

அவன் வீட்டுக்குப் போனேன். அவன் அம்மா, "எங்க வீட்ல யாருக்கும் படிப்பு ஏறல டீச்சர். இவனாவது படிப்பான்னு பார்த்தோம். அவனுக்கும் வரலன்னா என்ன பண்றது, அவங்கப்பா கூட வேலைக்குப் போகட்டும்" என்றார். இதை அக்கறையின்மை என்று எப்படிச் சொல்வது? படிப்பு என்பது சிலருக்குப் பிறவியிலேயே வராது என்று அந்த அம்மாவை நம்பவைத்தது பள்ளிக்கூடம்தான். "அவனுக்குப் படிப்பு வரும், வாசிக்க இன்னும் யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை, அவ்வளவுதான். கொஞ்ச நாள் விடாமல் அனுப்புங்க" என்று கேட்டுக்கொண்டு வந்தேன்.

அப்புறம் செய்தது இதுதான். பள்ளியில் எல்லாப் பிள்ளைகளையும் ஒவ்வொருவராக உட்காரவைத்து வாசிக்கச் சொன்னேன். எழுத்து தெரியுமா, சொல் வருகிறதா, ஒரு பத்தி வருமா, சிறு கதை வருமா, அவ்வளவுதான் பார்த்தேன். காலை முதல் ஒரு மணி நேரம் வகுப்பு என்ற கணக்கையே எடுத்துவிட்டு, யார் எந்தப் படியில் இருக்கிறார்களோ அந்தக் குழுவில் உட்காரவைத்தேன். மற்றப் பாடங்களுக்கு அவரவர் வகுப்பு. இது என் கண்டுபிடிப்பு இல்லை. மும்பையில் தொடங்கிய பிரதம் என்ற கல்வித் தொண்டு அமைப்பு இந்த முறையை வளர்த்து, அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டுஃப்லோ போன்ற பொருளாதார அறிஞர்கள் அதைப் பலமுறை சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். இவர்கள் இருவரும் மைக்கேல் கிரெமரும் 2019-இல் நோபல் பரிசு பெற்றதில் பள்ளிகளில் செய்த இத்தகைய சோதனைகளுக்கும் பங்கு உண்டு. ஆப்பிரிக்காவில் ஜாம்பியா போன்ற நாடுகளும் இந்த முறையை எடுத்துக்கொண்டிருக்கின்றன.

உடனே "நாலாம் வகுப்புப் பையனை ஒன்றாம் வகுப்புப் பிள்ளையோடு உட்காரவைத்தால் அவமானமாக இருக்காதா?" என்று யாராவது கேட்பார்கள். இருக்கும், சரியாகக் கையாளாவிட்டால். ஒன்றாம் வகுப்புப் பாடப்புத்தகத்தை அவன் கையில் கொடுக்கவே கூடாது. அட்டையில் எழுதிய கதைகளைக் கொடுங்கள், அட்டைக்கு வகுப்பு எண் கிடையாது. வாயால் கதை சொல்லும் வேலையைப் பெரிய பிள்ளைக்குக் கொடுங்கள், அதில் அவன் சின்னவர்களைவிடக் கெட்டிக்காரனாக இருப்பான். ஒரு படி தாண்டியதும் அன்றைக்கே அடுத்த குழுவுக்கு மாற்றுங்கள். குழு நிரந்தரமாகிவிட்டால் அது முத்திரையாகிவிடும், அதை நானும் எதிர்க்கிறேன். வாசிக்கத் தெரியாததை மறைத்துக்கொண்டு நாள் முழுவதும் உட்கார்ந்திருப்பதுதான் பிள்ளைக்குப் பெரிய அவமானம்.

"நல்ல புத்தகம் கொடுத்தால் போதாதா" என்று கேட்பவர்களுக்கும் ஒன்று சொல்லவேண்டும். கென்யாவின் கிராமப் பள்ளிகளில் பாடப்புத்தகங்களை இலவசமாகக் கொடுத்து கிரெமரும் அவருடன் இருந்தவர்களும் சோதித்தார்கள். முன்பே நன்றாகப் படித்தவர்களுக்குப் பலன் கிடைத்தது. சராசரிப் பிள்ளைக்கு ஒன்றும் மாறவில்லை. புத்தகம் ஆங்கிலத்தில் இருந்தது, பல பிள்ளைகளுக்கு ஆங்கிலம் மூன்றாவது மொழி. புத்தகம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. வாசிக்கத் தெரியாத பிள்ளையிடம் புத்தகம் பேசாது.

மறதிக்கு வருகிறேன். எர்மன் எபிங்ஹாஸ் என்ற ஜெர்மன் உளவியலாளர் 1885-இல் தன் மறதியைத் தானே அளந்து எழுதினார். கற்றதில் பெரும்பகுதி முதல் ஒன்றிரண்டு நாளிலேயே போய்விடுகிறது, பிறகு போவது மெதுவாகிறது. 2006-இல் ரோடிகர், கார்ப்பிக் என்ற இரண்டு உளவியலாளர்கள் ஒரு சோதனை செய்தார்கள். ஒரு பத்தியைத் திரும்பத் திரும்ப வாசித்தவர்களும், ஒருமுறை வாசித்துவிட்டுப் பார்க்காமல் நினைவிலிருந்து எழுதியவர்களும் என இரண்டு வகை. ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டால் முதல் வகையினர் முந்தினார்கள். ஒரு வாரம் கழித்துக் கேட்டபோது நினைவிலிருந்து எழுதியவர்களே நிறைய நினைவில் வைத்திருந்தார்கள். அது கல்லூரி மாணவர்களிடம் செய்த சோதனைதான், தெரியும். ஆனால் என் வகுப்பில் கண்டதும் அதுவே.

அதனால் காலையில் புத்தகத்தைத் திறக்காமல் சிலேட்டை எடுக்கச் சொல்வேன். நேற்று நடத்தியதில் ஒரு கேள்வி, போன வாரத்தில் ஒன்று, போன மாதத்தில் ஒன்று. எல்லோரும் எழுதி ஒரே நேரத்தில் தூக்கிக் காட்டவேண்டும். மதிப்பெண் கிடையாது, திட்டு கிடையாது. கை தூக்குபவர்களை மட்டும் கேட்டால் வகுப்பு முழுவதற்கும் தெரியும் என்ற பிரமை வந்துவிடும், சிலேட்டு அதை உடைத்துவிடும். பாதிப் பேர் தப்பாக எழுதினால் அன்று புதுப் பாடம் இல்லை. கணக்கில் கூட்டலையும் கழித்தலையும் கலந்து கொடுங்கள். ஒரு பக்கம் முழுக்கக் கழித்தலாகவே இருந்தால் எதைச் செய்வது என்று பிள்ளை யோசிக்கவே தேவையில்லாமல் போகிறது.

"இப்படிச் செய்தால் பாடத்திட்டம் முடியாதே டீச்சர்" என்று அப்போது எங்கள் தலைமை ஆசிரியரும் கேட்டார். சில பாடங்கள் பின்தங்கத்தான் செய்தன. ஆனால் வாசிக்கத் தெரிந்த பிறகு பிள்ளைகள் ஓடிய ஓட்டத்தில் ஆண்டு இறுதிக்குள் அதில் பெரும்பகுதி சரியாகிவிட்டது. என்னைப் பொறுத்தவரை, யாருக்கும் புரியாமல் முடித்த பாடம் முடிந்த பாடமே இல்லை.

கேட்காததையும் ஒன்று சொல்லிவிடுகிறேன், மனதில் ரொம்ப நாளாக இருக்கிறது. மேல்வகுப்புக்குப் பாடம் எடுப்பவர்களுக்குக் கிடைக்கும் மரியாதை எங்களுக்குக் கிடையாது. "சின்னப் பிள்ளைங்களுக்குத்தானே, நீங்க எடுக்கறது ரொம்ப ஈஸி" என்று சொந்தக்காரர்களே சொல்வார்கள். ஒரு அறையில் மூன்று வகுப்பை வைத்துக்கொண்டு, முதல் தலைமுறையாகப் பள்ளிக்கு வந்த பிள்ளைக்கு வாசிக்கச் சொல்லிக்கொடுப்பதைவிடக் கடினமான வேலை பள்ளிக்கல்வியில் வேறு எது? இந்த வேலைக்குத்தான் பயிற்சியும் குறைவு, ஆளும் குறைவு. கொஞ்சம் அனுபவம் வந்ததும் திறமையானவர்களை மேல்வகுப்புக்கு இழுத்துக்கொள்கிறார்கள். எனக்கு இது ஆறவே ஆறாது.

சரி, விடுங்கள். அறுவடைக் காலத்தில் வாரக்கணக்கில் வராத பிள்ளைகளைப் பற்றியும் சொல்லவேண்டும். கொலம்பியாவில் 1970-களில் விக்கி கோல்பெர்ட் என்பவரும் அவருடைய சக ஊழியர்களும், ஒரே ஆசிரியர் பல வகுப்பை நடத்தும் கிராமப் பள்ளிகளுக்காக எஸ்குவேலா நுவேவா என்ற முறையை உருவாக்கினார்கள். பிள்ளைகள் பயிற்சிக் கையேட்டை வைத்துத் தங்கள் வேகத்தில், குழுவாகப் படிப்பார்கள். வேலைக்காகப் போய்த் திரும்பும் பிள்ளை விட்ட இடத்திலிருந்து தொடரலாம், தோற்றுப்போனதாகக் கணக்கு இல்லை. அவ்வளவு பெரிய ஏற்பாடு நம் கையில் இல்லை என்றாலும், திரும்பி வரும் பிள்ளையிடம் "ஏன் வரவில்லை" என்று எல்லோர் முன்னாலும் கேட்காமல் இருக்கலாம். அவன் கடைசியாக முடித்த அட்டையைத் தனியாக எடுத்துவைத்து, வந்த அன்றே அடுத்ததைக் கையில் கொடுக்கலாம். நான் அப்படித்தான் செய்தேன். வந்தவர்களில் பலர் மறுநாளும் வந்தார்கள்.

முதலில் சொன்ன அந்தப் பையன் ஐந்தாம் வகுப்பை முடித்து மேலே படிக்கப் போனான். வகுத்தல் கணக்கு அப்போதும் தடுமாற்றம்தான். ஆனால் வாசிப்பில் தடையில்லை.

நீங்கள் இந்த வாரமே தொடங்கலாம். ஒரு பிள்ளைக்கு ஐந்து நிமிடம் போதும், தனியாக உட்காரவைத்து வாசிக்கச் சொல்லிக் கேளுங்கள், பெயருக்கு நேராக எழுத்து, சொல், பத்தி, கதை என்று குறித்துக்கொள்ளுங்கள். அடிக்கடி வராத பிள்ளைகளிடமிருந்து தொடங்குங்கள்.