மகனும் மகரும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

‘காதலிக்க நேரமில்லை’ படத்தை அண்மையில் மறுபடி பார்த்தேன். முன்பு வயிறு வலிக்கச் சிரித்த இடங்களில் இம்முறை சங்கடமாக இருந்தது. வசதியில்லாத இளைஞன் கோடீஸ்வரரின் மகன் என்று பொய் சொல்லிப் பெண்ணைக் கைப்பிடிக்கிறான். படம் அதைக் கண்டிக்கவே இல்லை. ஏழை பொய் சொன்னால்தான் காதல் கைகூடும் என்று ஆகிவிடாதா?

— ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் சங்கடம் எனக்குப் புரிகிறது. ஆனால் அந்தப் பொய் யாருக்காகச் சொல்லப்படுகிறது என்று பாருங்கள். அந்தப் பெண் நிர்மலாவின் காதல் அதற்கு முன்பே பிறந்துவிட்டது. அவளுடைய தந்தை விஸ்வநாதனின் சம்மதத்துக்காகவே அந்த இளைஞன் அசோக்கும் அவன் நண்பன் வாசுவும் அந்த நாடகத்தை ஆடுகிறார்கள்.

எஸ்டேட் வேலையிலிருந்து நீக்கப்பட்ட அசோக், முதலாளி விஸ்வநாதனின் வீட்டெதிரே கூடாரம் அடித்து வேலை கேட்டுப் பாடும்போது, அவருக்கு அவன் வெறும் தொல்லை. அதே இளைஞனுக்குப் பெரும் செல்வந்தரான தந்தை இருக்கிறார் என்று நம்பி, அந்தத் தந்தையாகக் கிழவர் வேடமிட்ட வாசு (முத்துராமன்) முன் நிற்கும்போது, விஸ்வநாதனாக நடித்த பாலையா கேட்கிறார்: “அசோகர் உங்க மகருங்களா?” மகன் என்ற சொல்லை அப்படி ‘ர்’ போட்டு மரியாதையாக்கும் வழக்கம் நம் பேச்சில் இல்லை, பணம் இருக்கிறது என்று கேள்விப்பட்ட மாத்திரத்தில் அவருடைய நாக்கு அப்படியொரு சொல்லைத் தானாக உண்டாக்கிக்கொள்கிறது. அவன் முகம் மாறவில்லை, குணம் மாறவில்லை, விகுதி மட்டும் மாறுகிறது. வர்க்கம் நம் மொழியில் எங்கே குடியிருக்கிறது என்பதை, 1964இல் ஸ்ரீதர் எடுத்த இந்த நகைச்சுவைப் படம் அளவுக்குத் துல்லியமாகக் காட்டிய தமிழ்ப் படங்களை நான் அதிகம் பார்த்ததில்லை. பாலையா அதை ஒரு துளியும் கேலியாகச் சொல்வதில்லை. உள்ளன்போடு, குழைந்து சொல்கிறார். அதனால்தான் அந்த வசனம் இன்றும் சுடுகிறது.

ஒரு குறையை நானும் ஒப்புக்கொள்கிறேன். பணக்காரத் தந்தையாக நடிக்கும் வாசு உண்மையிலேயே வசதியான வீட்டுப் பிள்ளை. மூத்த மகள் காஞ்சனாவின் காதலனும் அவனே. ஆகவே குட்டு உடைந்த பிறகும் விஸ்வநாதன் பெரிதாக எதையும் இழப்பதில்லை. அப்படியொரு நண்பன் இல்லாமல் அசோக் தனியாக நின்றிருந்தால் அவர் இணங்கியிருப்பாரா என்ற கேள்வியைப் படம் தொடாமலே கடந்துவிடுகிறது. அந்த இடத்தில் உங்கள் மனக்குறை நியாயமானது.

ஆனால் அதற்காக அசோக்கைக் குற்றம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. பொய் சொல்வதற்கு முன், ஒளிவுமறைவில்லாமல் அவர் வாசலில் நின்று அவன் கேட்டது வேலையைத்தான்.