மாடிப்படிக்கு அடியில் ஒரு சர்வர்

கேள்வி: ஈரோட்டில் ரத்தப் பரிசோதனை லேப் நடத்துகிறோம். ஒரே ஒரு லினக்ஸ் சர்வர், மாடிப்படிக்கு அடியில் இருக்கிறது. ஏசி மெக்கானிக், கூட்ட வருகிற அக்கா என்று எல்லோரும் புழங்கும் இடம். பாஸ்வேர்டு பலமாகத்தான் வைத்திருக்கிறோம். டிஸ்க்கை என்கிரிப்ட் (சாவி இல்லாமல் படிக்க முடியாதபடி மாற்றுவது) செய்யத்தான் வேண்டுமா?

பதில்: கட்டாயம் செய்யுங்கள். பாஸ்வேர்டு நெட்வொர்க் வழியாக வருகிறவரைத்தான் தடுக்கும். பக்கத்திலேயே நிற்பவர் டிஸ்க்கைக் கழற்றி வேறு கணினியில் மாட்டினால், அது எதையும் கேட்காது.

நான் எப்போதும் ஒன்றைத்தான் கேட்டுப் பார்ப்பேன். இன்று ராத்திரி இந்தப் பெட்டி காணாமல் போனால், புதுசு வாங்கியதோடு விஷயம் முடிந்துவிடுமா? முடியும் என்றால் கதவுப் பூட்டு போதும். உங்களிடம் இருப்பதோ யாருக்குச் சர்க்கரை, யாருக்கு எச்.ஐ.வி. என்ற விவரம். வெளியே போனால் போனதுதான், திரும்ப வாங்க முடியாது.

திருடன் மட்டும்தான் ஆபத்து என்று நானும் நினைத்திருந்தேன். முன்பு வேலை பார்த்த இடத்தில் மிரர் ரெய்டில் (ஒரே தகவலை இரண்டு டிஸ்க்கிலும் எழுதும் அமைப்பு) ஒரு டிஸ்க் பழுதானது. வாரண்டியில் புதுசு வந்தது, பழையதை நானே கூரியரில் அனுப்பினேன். இரண்டு நாள் கழித்துத்தான் உறைத்தது: மிரர் என்றால் அந்த ஒரு டிஸ்க்கிலேயே மொத்த சம்பளப் பட்டியலும் இருக்கும். அதன்பிறகு லக்ஸ் (லினக்ஸில் டிஸ்க்கை என்கிரிப்ட் செய்யும் முறை) போடாமல் எந்த டிஸ்க்கையும் நான் மாட்டுவதில்லை.

சரி, கரண்ட் போய் வந்தால் ராத்திரியில் டிஸ்க்கைத் திறக்கும் சாவிச்சொல்லை யார் அடிப்பது? டேங் என்ற நிரலை மாடியில் பூட்டிய அறையிலுள்ள இன்னொரு கணினியில் ஓடவிடுங்கள். சர்வரில், டேங்கின் உதவியோடு டிஸ்க்கைத் திறக்கும் கிளெவிஸ் என்ற நிரலைப் போடுங்கள். உங்கள் நெட்வொர்க்கில் டேங் எட்டினால் டிஸ்க் தானாகத் திறக்கும். பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனால் திறக்காது. சாவிச்சொல்லை ஒரு தாளில் எழுதி பீரோவிலும் வையுங்கள்.

ஓடிக்கொண்டிருக்கும் சர்வரில் டிஸ்க்கைத் திறக்கும் சாவி ரேமில்தான் (தற்காலிக நினைவகம்) இருக்கும். 2008இல் பிரின்ஸ்டன் ஆய்வாளர்கள் ரேமைக் குளிரவைத்து, மின்சாரத்தை நிறுத்திய பிறகும் சாவியை எடுத்துக் காட்டினார்கள். உங்கள் லேபுக்கு அந்த அளவு மெனக்கெட்டு யாரும் வரமாட்டார்கள், அதற்காகச் செலவு செய்ய வேண்டாம். பூட்டுள்ள ஒரு இரும்பு ரேக் வாங்குங்கள்.

அப்புறம், பேக்கப் எடுக்கும் வெளி ஹார்ட் டிஸ்க் எங்கே இருக்கிறது? சர்வர் தலைமேலேயே என்றால், லக்ஸ் வேலையை அதிலிருந்து தொடங்குங்கள். சட்டைப்பையில் போட்டுக்கொண்டு போய்விடலாம்.