காருக்குள் எண்ணெய் கருகும் வாடை: எங்கே தேடுவது?

கேள்வி: என் பெட்ரோல் கார் ஓடும்போது ஒன்றும் தெரிவதில்லை. சிக்னலில் நின்றால் கொஞ்ச நேரத்தில் எண்ணெய் கருகும் வாடை உள்ளே வருகிறது. நிறுத்தும் இடத்தில் தரையில் ஒரு சொட்டுகூட இல்லை. கேபின் ஃபில்டரை மாற்றியும் போகவில்லை. இப்படியே ஓட்டலாமா?

பதில்: ஓடும்போது இல்லை, நின்றால் வருகிறது என்கிறீர்கள். இதில் முக்கியமான தகவலே அதுதான். வண்டி நகரும்போது இன்ஜின் அறையின் சூடான காற்று அடிப்பக்கமாகப் பின்னால் போய்விடும். நின்றதும் அது மேலே எழும். ஏசிக்கு வெளிக்காற்றை இழுக்கும் வழி, முன்கண்ணாடியின் அடியில், வைப்பர் பக்கத்தில் இருக்கிறது. பானெட் இடுக்கில் எழும் புகை நேராக அங்கேதான் போகும். கேபின் ஃபில்டர் இந்த வாடையை உண்டாக்குவதில்லை. சாதாரண ஃபில்டர் தூசியைத்தான் பிடிக்கும், வாடையை விட்டுவிடும். அந்தச் செலவு வீண்தான்.

முதலில் காசில்லாத ஒரு சோதனை. வாடை வரும்போது ஏசியை உள்காற்று சுழலும் நிலைக்கு மாற்றுங்கள். சில நிமிடத்தில் குறைந்தால், இன்ஜின் அறையிலிருந்துதான் வருகிறது என்று எடுத்துக்கொள்ளலாம். குறையாவிட்டால் அது வேறு வழியாக, சைலன்சர் குழாயின் ஓட்டை வழியாகக்கூட, உள்ளே வரலாம். அப்படியானால் தள்ளிப்போடாதீர்கள். சைலன்சர் புகையில் உள்ள கார்பன் மோனாக்சைடுக்கு வாடையே கிடையாது. தலைவலி, மயக்கம் மாதிரி இருந்தால் உடனே ஓரங்கட்டி, இன்ஜினை அணைத்து, கதவுகளைத் திறந்துவிட்டு வெளியே வந்துவிடுங்கள்.

தரையில் சொட்டு இல்லை என்பதை வைத்துக் கசிவே இல்லை என்று நினைக்க வேண்டாம். இன்ஜினில் எரிந்த புகையைச் சேர்த்து சைலன்சர் குழாய்க்கு அனுப்பும் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு சில நூறு டிகிரி வரை சூடாகும். அதன்மேல் விழும் எண்ணெய் தரையைத் தொடும் முன்பே புகையாகிவிடும். அதனால்தான் பெரும்பாலும் நான் முதலில் பார்ப்பது இன்ஜினின் தலைமேல் உள்ள டேப்பெட் கவர் பேக்கிங். வருடக்கணக்காகச் சூட்டில் கிடந்து ரப்பர் கெட்டியாகி, சுருங்கி, விளிம்பில் எண்ணெய் கசியும். பல இன்ஜின்களில் மேனிஃபோல்டு அதற்கு நேர்கீழே இருக்கும். இன்ஜின் நன்றாக ஆறிய பிறகு டார்ச் அடித்து அந்த விளிம்பைப் பாருங்கள். ஈரமாகவோ, தூசி ஒட்டிக் கறுப்பாகவோ இருந்தால் அதுதான். ஸ்பார்க் பிளக் குழிக்குள் எண்ணெய் தேங்கியிருந்தாலும் இதே கவரின் சீல்களைத்தான் சந்தேகிக்க வேண்டும்.

பேக்கிங் மாற்றும்போது ஒரு விஷயம்: கசிவு நிற்கட்டும் என்று போல்டுகளைப் பலமாக முறுக்குவார்கள். பேக்கிங் நசுங்கும், கவர் வளையும், பிளாஸ்டிக் கவர் என்றால் விரிசலே விடும். அந்த இன்ஜினுக்குச் சொல்லப்பட்ட அளவில், சொல்லப்பட்ட வரிசையில் முறுக்கினால் போதும். கசிவை நிறுத்தும் திரவத்தை எண்ணெயில் ஊற்றச் சொன்னால் நான் தலையாட்ட மாட்டேன்.

சமீபத்தில் ஆயில் மாற்றியபோது வழிந்தது, சரியாக மூடாத ஆயில் மூடி, ஃபில்டரின் அடியில் கசிவு ஆகியவற்றையும் பாருங்கள். வழிந்த எண்ணெய் என்றால் சில நாளில் எரிந்து தீர்ந்துவிடும். டர்போ உள்ள வண்டியில் அதற்கு எண்ணெய் கொண்டுபோகும் குழாயின் இணைப்புகளையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். எங்கும் நனைந்திருந்து இடம் பிடிபடாவிட்டால், இன்ஜினைக் கழுவித் துடைத்து, எண்ணெயில் புற ஊதா ஒளியில் மின்னும் சாயம் கலந்து கொஞ்சம் ஓட்டிப் பார்க்கலாம். நல்ல பட்டறையில் இதைச் செய்வார்கள்.

எல்லாக் கருகல் வாடையும் எண்ணெய் அல்ல. மேட்டில் நின்று நகரும்போது மட்டும் வந்தால் கிளட்ச். இனிப்பாக இருந்தால் கூலன்ட். பிளாஸ்டிக் எரிவது போல இருந்தால் ஒயரிங்காக இருக்கலாம், அதை அன்றே பார்த்துவிட வேண்டும்.

சரி, ஓட்டலாமா? சமதரையில், இன்ஜின் அணைத்துச் சில நிமிடம் கழித்து டிப்ஸ்டிக்கைப் பாருங்கள். எண்ணெய் இரண்டு கோடுகளுக்கு நடுவே இருந்து, பானெட்டைத் திறந்தால் புகையும் இல்லையென்றால் பட்டறை வரை நிதானமாகப் போகலாம். மேல்கோட்டைத் தாண்டி ஊற்றியிருந்தாலும் கசிவு வரும், அதையும் கவனியுங்கள். மேனிஃபோல்டு பக்கம் புகை கண்ணுக்குத் தெரிந்தால் எடுக்க வேண்டாம். சூடான இரும்பில் படும் எண்ணெய் தீப்பிடிக்கக்கூடியது.

பேக்கிங் மாற்றிய பிறகும் ஓரிரு நாள் வாடை வரும், பழைய எண்ணெய் எரிந்து தீர வேண்டும். அதைத் தாண்டியும் தொடர்ந்தாலோ, புதுப் பேக்கிங்கே மறுபடி கசிந்தாலோ, இன்ஜினுக்குள் சேரும் வாயுவை வெளியேற விடும் பிசிவி வால்வு அடைத்திருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். அது அடைத்தால் இன்ஜினுக்குள் அழுத்தம் கூடி, கிடைத்த இடுக்கில் எல்லாம் எண்ணெயைத் தள்ளும். அப்புறம், பானெட்டின் பின்விளிம்பில் ஓடும் ரப்பர் பட்டை இடத்தில் இருக்கிறதா என்றும் ஒரு பார்வை பாருங்கள். வேலை பார்க்கக் கழற்றியவர்கள் அதைத் திரும்ப மாட்டாமல் விட்டுவிடுவது உண்டு. அது இல்லாவிட்டால் இன்ஜின் அறையின் வாடை நேராக ஏசிக்குத்தான் போகும்.