கேள்வி–பதில்: நீக்கிய புலத்தின் எண்

கேள்வி: எங்கள் விற்பனைக் கணக்கு மென்பொருள், பில்களைப் புரோட்டோகால் பஃபர்ஸ் வடிவில் பைனரி கோப்புகளாகச் சேமிக்கிறது. தள்ளுபடி சதவீதத்துக்கு இருந்த 4ஆம் எண் புலத்தை (பில்லின் ஒரு விவரத்துக்கான இடத்தை) நீக்கிவிட்டு, புதிய பதிப்பில் அதே எண்ணைக் கடன் தவணை நாள்களுக்குக் கொடுத்தோம். பழைய பில்கள் பிழைச்செய்தியின்றித் திறக்கின்றன. ஆனால் 10 சதவீதத் தள்ளுபடி பெற்ற பில்லில் 10 நாள் தவணை என்று காட்டுகிறது. ஏன்? எப்படிச் சரிசெய்வது?

பதில்: கூகுள் 2008இல் வெளியிட்ட இந்த வடிவத்தில், புலத்தின் பெயர் கோப்பில் எழுதப்படுவதே இல்லை. ஒவ்வொரு மதிப்புக்கும் முன்னால் புலத்தின் எண்ணும், மதிப்பு எந்த முறையில் பதிவாகியுள்ளது என்பதைச் சொல்லும் மூன்று பிட்டுகளும் மட்டுமே இருக்கும். ஆகவே 4ஆம் எண்ணில் 10 என்பதைக் கண்ட உங்கள் புதிய நிரல், தன்னிடமுள்ள வரையறைப்படி அதை நாள்கள் என்று எடுத்துக்கொண்டது. அது தவறென்று அறிய அதற்கு வழியே இல்லை.

தவணை நாள்களுக்கு இதுவரை பயன்படுத்தாத ஓர் எண்ணைக் கொடுங்கள். 4ஆம் எண்ணையும் பழைய பெயரையும் ‘ரிசர்வ்டு’ (ஒதுக்கப்பட்டது) என்று வரையறையில் அறிவித்துவிட்டால், பிற்காலத்தில் எவரேனும் அவற்றை மீண்டும் எடுத்தால் வரையறையை நிரலாக மாற்றும் கம்பைலரே தடுத்துவிடும். (1 முதல் 15 வரையான எண்களுக்கு ஒரே பைட் போதும் என்பதற்காகப் பழைய எண்ணை மறுபடி எடுக்கும் சிக்கனம், சேமிக்கும் பைட்டைவிட அதிகச் செலவு வைக்கும்.) ஏற்கெனவே எழுதப்பட்ட கோப்புகள்தாம் உண்மையான சிக்கல். மென்பொருள் பதிப்பு எண்ணோ பில் தேதியோ கோப்பில் இருந்தால், அதைக்கொண்டு இரு வகையையும் பிரித்து, ஒவ்வொன்றையும் அதற்குரிய வரையறையால் படித்து ஒருமுறை மாற்றி எழுதிவிடலாம். அத்தகைய குறிப்பு எதுவும் இல்லையெனில், மதிப்பை மட்டும் பார்த்துப் பிரிப்பது ஊகமாகவே முடியும்.

வகை மாற்றத்திலும் இதே ஆபத்து உண்டு. இன்ட்32 (int32), சின்ட்32 (sint32) இரண்டுமே முழு எண்களுக்கான வகைகள். இன்ட்32 புலத்தைச் சின்ட்32 ஆக மாற்றினால், மைனஸ் எண்களைச் சுருக்கமாக எழுதச் சின்ட்32 கையாளும் ஜிக்ஜாக் என்ற குறியீட்டு முறையால், முன்பு 40 என்று எழுதியது 20 என்றும், 41 என்று எழுதியது -21 என்றும் படிக்கப்படும். இங்கும் பிழைச்செய்தி வராது.

எதிர்த்திசையையும் மறக்க வேண்டாம். பழைய பதிப்பிலேயே இருக்கும் வாடிக்கையாளர் புதிய கோப்பைத் திறந்து சேமித்தால், அறியாத புலங்களை நிரல் அப்படியே திருப்பி எழுத வேண்டும். இந்த வடிவத்தின் மூன்றாம் தலைமுறையான புரோட்டோ3 தொடக்கத்தில் அவற்றைக் கைவிட்டுவந்தது, 3.5ஆம் பதிப்பில்தான் அந்தப் பாதுகாப்பு திரும்ப வந்தது. ஆகவே வாடிக்கையாளரிடம் உள்ள மென்பொருளோடு புரோட்டோகால் பஃபர்ஸ் நிரல் நூலகத்தின் எந்தப் பதிப்பு இணைக்கப்பட்டது என்பதையும் பாருங்கள்.