மங்கல் வீட்டில் மீன்தொட்டிச் செடி: வாசகர் கேள்வி, எங்கள் பதில்

கேள்வி: எங்களுடையது பழைய வளவு வீடு. முன்பகுதியைத் தாண்டி உள்ளே இருக்கும் இரண்டாங்கட்டில் பகலிலேயே வெளிச்சம் குறைவு. அங்கே 2 அடி நீளம், 1 அடி அகலம், 1 அடி உயரத் தொட்டி வைத்து அனுபியாஸ், ஜாவா ஃபெர்ன், கிரிப்டோகோரைன் வளர்க்க ஆசை. கடையில் 30 வாட் எல்.இ.டி. விளக்கு வாங்கச் சொல்கிறார்கள். அவ்வளவு வேண்டுமா?
(வாசகர், காரைக்குடி)

பதில்: வேண்டாம். நீங்கள் சொன்ன மூன்றுமே நிழலில் வளர்ந்து பழகிய செடிகள். மங்கலான இரண்டாங்கட்டு இவற்றுக்கு நல்ல இடம்தான். வெளிச்சம் எவ்வளவு என்பது உங்கள் சுவிட்சின் கையில் இருக்கும், சூரியனின் கையில் இருக்காது.

கணக்கைப் பார்த்துவிடுவோம். உங்கள் தொட்டியின் கொள்ளளவு ஏறக்குறைய 54 லிட்டர். மணலும் கல்லும் போக 45 லிட்டர் தண்ணீர் நிற்கும். இந்த வகைச் செடிகளுக்கு லிட்டருக்கு 10 முதல் 20 லூமென் (விளக்கு தரும் வெளிச்சத்தின் அளவு) போதும். அதாவது மொத்தம் 450 முதல் 900 லூமென். விளக்கு வாங்கும்போது அட்டையில் வாட்டைப் பார்க்காதீர்கள், லூமெனைப் பாருங்கள். வாட் என்பது செலவாகும் மின்சாரம், வெளிச்சத்தின் அளவு அல்ல. மின்சாமான் கடையில் கிடைக்கும் 2 அடி, 10 வாட் எல்.இ.டி. பேட்டன் (குழல் விளக்கு) சுமார் 1000 லூமென் தரும். அதைத் தண்ணீர் மட்டத்திலிருந்து அரை அடி உயரத்தில் மாட்டினால் சரியாக இருக்கும். நிறம் 6500 கெல்வின் (பகல் வெளிச்சம் போன்ற வெள்ளை) என்று போட்டிருக்கட்டும். நீலமும் சிவப்பும் கலந்து மின்னும் விளக்குகள் மீனின் நிறத்தை எடுத்துக்காட்டும். இந்தச் செடிகளுக்கு அவை அவசியமில்லை.

30 வாட் போட்டால் என்ன ஆகும்? அனுபியாஸ் மெதுவாக இலை விடும் செடி. ஒரே இலை பல மாதம் இருக்கும். தேவைக்கு மேல் வெளிச்சம் விழுந்தால், அதற்கு ஈடான கரியமில வாயு தண்ணீரில் இல்லாததால் செடியால் அதைப் பயன்படுத்த முடியாது, பாசி பயன்படுத்திக்கொள்ளும். முதலில் மேல் இலைகளில் குண்டூசித் தலை அளவுக்குப் பச்சைப் புள்ளிகள் வரும். விரலால் தேய்த்தாலும் போகாது. அப்புறம் அந்த இலையை வெட்டி எடுப்பதுதான் வழி. பெரிய விளக்கை ஏற்கெனவே வாங்கிவிட்டீர்கள் என்றால் ஓர் அடிக்கு மேல் உயர்த்தித் தொங்கவிடுங்கள்.

தண்ணீர் ஊற்றுவதற்கு முன் ஒரு சோதனை: கைபேசியில் லக்ஸ் (ஓர் இடத்தில் விழும் வெளிச்சத்தின் அளவு) அளக்கும் செயலியை இறக்கி, காலித் தொட்டியின் அடியில் திரை மேலே பார்க்க வையுங்கள். 1000 முதல் 2000 லக்ஸ் காட்டினால் நல்லது. கைபேசிக்குக் கைபேசி அளவு மாறும், தோராயமாக எடுத்துக்கொள்ளுங்கள்.

முதல் மூன்று வாரம் தினம் 6 மணி நேரம் எரியட்டும். புது இலை வரத் தொடங்கியதும் 8 மணி நேரம் வரை கூட்டலாம். அதற்கு மேல் வேண்டாம். டைமர் வாங்கும்போது ஒன்றைக் கவனியுங்கள்: சுழல் வட்டு டைமர் கரண்ட் போனால் நின்றுவிடும். பராமரிப்புக்காகப் பகல் முழுக்க மின்தடை வந்த நாளுக்குப் பிறகு விளக்கு நள்ளிரவில் எரிந்துகொண்டிருக்கும். உள்ளே பேட்டரி உள்ள டிஜிட்டல் டைமர் நேரம் தவறாது.

கேள்வி: முற்றத்தை ஒட்டித் தொட்டி வைத்திருக்கிறோம். வெயில் வருவதால் விளக்கே போடவில்லை. தண்ணீர் பச்சையாகிவிட்டது.
(வாசகி, தேவகோட்டை)

பதில்: உச்சி வெயில் ஒரு லட்சம் லக்ஸ் அளவுக்கு வரும். உங்கள் செடிக்கு வேண்டியது 2000. மாசி, பங்குனியிலேயே தண்ணீரும் சூடேறிவிடும். தொட்டியைப் பட்டாலையின் (முற்றத்தை ஒட்டிய கூடத்தின்) உள்சுவர்ப் பக்கம் மாற்றுங்கள். பிறகு தடித்த போர்வையால் நான்கு பக்கமும் மேலேயும் மூடி 4 நாள் இருட்டில் வையுங்கள். காற்று மோட்டார் நிற்காமல் ஓட வேண்டும். செத்த பாசி தண்ணீரின் ஆக்சிஜனைத் தின்றுவிடும். அந்த நாட்களில் தீனி வேண்டாம். ஐந்தாம் நாள் பாதித் தண்ணீரை மாற்றுங்கள். கிரிப்டோகோரைன் இருந்தால் இலை கரைந்து போகலாம். பிடுங்கி எறிந்துவிடாதீர்கள், வேர் மறுபடி துளிர்க்கும்.

கேள்வி: ஒரு வருடம் நன்றாக வளர்ந்த செடிகள் இப்போது சோர்ந்து நிற்கின்றன. விளக்கை மாற்ற வேண்டுமா?
(வாசகர், பள்ளத்தூர்)

பதில்: முதலில் தொட்டியின் மூடிக் கண்ணாடியைக் கழற்றி வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். உப்பு நிறைந்த போர் தண்ணீர் தெறித்துக் காய்ந்து, சுண்ணாம்பு அடித்தது போல வெள்ளையாகப் படிந்திருக்கும். கணிசமான வெளிச்சம் அதிலேயே நின்றுவிடும். எலுமிச்சைச் சாறோ வினிகரோ தடவி 10 நிமிடம் ஊறவிட்டு, தொட்டிக்கு வெளியே வைத்துக் கழுவுங்கள். சோப்பு கூடவே கூடாது. மாதம் ஒருமுறை செய்தால் படிவு இறுகாது. முற்றத்தில் அண்டா வைத்து மழைநீர் பிடிக்கும் வீடு என்றால், தண்ணீர் மாற்றும்போது அதில் ஒரு பங்கு கலந்துகொள்ளுங்கள். கூரை ஓடுகளைக் கழுவிவரும் முதல் மழை வேண்டாம்.

கேள்வி: ஜாவா ஃபெர்ன் இலையின் அடியில் கறுப்புப் புள்ளிகள். வெளிச்சம் போதவில்லையா?
(வாசகி, கானாடுகாத்தான்)

பதில்: புள்ளிகள் வரிசையாக, மேடாக இருந்தால் அது நோயல்ல, வித்துக்கூடு. சில இலைகளின் நுனியிலேயே வேரோடு குட்டிச் செடி முளைக்கும். விரல் நீளம் வந்ததும் கிள்ளி எடுத்து வேறு கல்லில் நூலால் கட்டலாம். செடியே அடியிலிருந்து கறுத்து அழுகினால் மட்டத்தண்டை (இலையும் வேரும் கிளம்பும் படுக்கைத் தண்டு) மணலில் புதைத்திருப்பீர்கள். அது மணலுக்கு மேலேதான் இருக்க வேண்டும். அனுபியாஸுக்கும் இதே விதிதான்.

கேள்வி: பழைய வீட்டு வயரிங். தொட்டி விளக்கு போடப் பயமாக இருக்கிறது.
(வாசகர், கோட்டையூர்)

பதில்: பயம் நியாயமானது. மின்பலகையில் 30 மில்லி ஆம்பியர் மின்கசிவில் இணைப்பைத் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. இருக்கிறதா, எர்த் சரியாக இருக்கிறதா என்று எலெக்ட்ரீஷியனை வைத்துப் பார்த்துவிடுங்கள். விளக்கு நீர் புகாத வகையாக இருக்கட்டும். ஒயர் பிளக்கிற்கு வருமுன் ஒருமுறை கீழே தொங்கி மேலே ஏற வேண்டும். அப்போது ஒயர் வழியே வழியும் தண்ணீர் அந்த வளைவிலேயே சொட்டிவிடும், பிளக்கை எட்டாது. தொட்டிக்குள் கை விடும் முன் பிளக்கைப் பிடுங்கிவிடுங்கள்.