ஸ்டார்கிராஃப்ட் என்ற கணினி விளையாட்டை (வளம் சேர்த்து, தளம் கட்டி, படை திரட்டி எதிராளியை வீழ்த்தும் விண்வெளிப் போர்) ஆட்கள் முதன்முதலில் எப்படிக் கண்டடைந்தார்கள்? இன்று புதிதாகத் தொடங்க எந்த வழி நல்லது?

கடையில் பெட்டியாக வாங்கி, வீட்டில் தனியாக உட்கார்ந்து ஆடத் தொடங்கியவர்கள் உண்டுதான். ஆனால் ஸ்டார்கிராஃப்ட் பரவியது பெரும்பாலும் அடுத்தவர் திரையைப் பார்த்து. கல்லூரி விடுதியின் லேன் (கணினிகளைக் கேபிளால் இணைத்த உள் நெட்வொர்க்), கொரியாவின் பிசி பாங் (மணிக்கணக்கில் கணினி வாடகைக்குக் கிடைக்கும் கடை), முன்பின் தெரியாத யாரோ பேட்டில்.நெட் என்ற இணைய ஆட்டச் சேவையில் திறந்து வைத்த விசித்திரமான மேப் (ஆட்டக்களம்) என்று உள்ளே நுழைய நாலைந்து வாசல்கள் இருந்தன. ஒருவர் எந்த வாசலில் நுழைந்தார் என்று தெரிந்தால், அவர் ஆட்டத்தில் எது பலம், எது ஓட்டை என்று ஏறக்குறையச் சொல்லிவிடலாம். புதியவருக்கும் இந்தத் தகவல்தான் உதவும். அதனால் வாசல் வாசலாகவே சொல்கிறேன்.

வெளிவரும் முன் நடந்தது சுருக்கமாக: 1996இல் அமெரிக்காவின் இ3 கண்காட்சியில் இதை உருவாக்கிய பிளிசார்ட் நிறுவனம் காட்டிய முதல் வடிவம், அவர்களுடைய முந்தைய விளையாட்டான வார்கிராஃப்ட் 2இன் இன்ஜின் (அடிப்படை நிரல்) மேல் நின்றது. வார்கிராஃப்டின் ஓர்க் அரக்கர்களை விண்வெளிக்கு ஏற்றி அனுப்பியிருக்கிறார்கள் என்று கேலி செய்தார்கள். பிறகு இன்ஜினைப் பெரும்பகுதி மாற்றி எழுதி, 1998 மார்ச் 31 அன்று வெளியிட்டார்கள். இடையில் பொறுமை இழந்த ரசிகர்கள் சிலர் ‘ஆபரேஷன் சிவால்’ என்று ஒரு கூட்டம் சேர்த்து, விளையாட்டை பிளிசார்ட் அலுவலகத்திலிருந்தே கடத்தி வருவதாகக் கற்பனைக் கதைகள் எழுதிக்கொண்டிருந்தார்கள். கோபித்துக்கொள்ளாமல் பிளிசார்ட் அந்தப் பெயரையே ஒரு சீட் கோடாக (தட்டச்சு செய்தால் சலுகை தரும் ரகசியச் சொல்) உள்ளே வைத்துவிட்டது. அதை அடித்தால் கட்டடமும் படையும் மளமளவென்று தயாராகும்.

அது கேட்ட கணினியும் சாதாரணமானது: பென்டியம் 90, 16 எம்பி ராம், 640க்கு 480 திரை, 256 நிறம். 3டி கார்டு வேண்டாம். அலுவலகத்திலும் கல்லூரி லேபிலும் ஏற்கெனவே இருந்த மெஷினே போதும். இந்த ஒரு காரணம் இல்லையென்றால் கீழே சொல்லப்போகும் வாசல்களில் பாதி திறந்திருக்காது.

முதல் வாசல் கேம்பெய்ன், அதாவது கணினியை எதிர்த்துத் தனியாக ஆடும் கதைப் பகுதி. டெர்ரன் (மனிதர்கள்), ஜெர்க், புரோட்டாஸ் (வேற்றுக்கிரகவாசிகள்) என்ற மூன்று இனங்களுக்கும் தலா 10 என்று 30 மிஷன்கள். அதே ஆண்டு இறுதியில் வந்த கூடுதல் தொகுப்பான புரூட் வாரில் இன்னும் 26. கதைக்காக வந்தவர்களைப் பிடித்து வைத்தது கெரிகன் என்ற பெண் பாத்திரம். டெர்ரன் பகுதியின் 9ஆவது மிஷனில் அவளுடைய தலைவன் மெங்ஸ்க் அவளைக் கைவிட்டுப் போவதும், ஜெர்க் பகுதியில் அவள் வேறு உருவில் எழுந்து வருவதும் மறக்கக்கூடியவை அல்ல. ஆனால் கேம்பெய்ன் தவறான பழக்கத்தையும் கூடவே கற்றுக்கொடுக்கும். டெர்ரனின் 3ஆவது மிஷனிலேயே 30 நிமிடம் தாக்குப்பிடிக்கச் சொல்வார்கள். பங்கர் (காப்பரண்) கட்டி உள்ளே உட்கார்ந்தால் ஜெயம். அதே பழக்கத்தோடு மனிதர்களுடன் ஆடப் போனால், எதிராளி இரண்டாவது, மூன்றாவது பேஸ் (தளம்) போட்டு நிதானமாக விழுங்கிவிடுவார். சீட் கோடு வழியாக வந்தவர்கள் நிலைமை இன்னும் மோசம். ‘ஷோ மீ த மணி’ என்று அடித்தால் கட்டடத்துக்கும் படைக்கும் செலவாகும் மினரல், கேஸ் என்ற இரண்டு வளங்களும் தலா 10,000 கொட்டும். ஆனால் அது தனியாள் ஆட்டத்தில் மட்டும்தான்.

இரண்டாவது வாசல்தான் என் கணிப்பில் பெரியது: ஸ்பான். ஒரு சிடி வாங்கியவர், அதே சிடியால் நண்பர்களின் கணினிகளிலும் ‘ஸ்பான்’ வடிவத்தை நிறுவலாம். இதில் ஒளிவுமறைவு எதுவும் இல்லை. நிறுவும் திரையிலேயே அதற்கென்று ஒரு பொத்தான் இருந்தது. ஸ்பான் பிரதியில் கேம்பெய்ன் கிடையாது. அசல் சிடி வைத்திருப்பவர் திறக்கும் ஆட்டத்தில் சேர மட்டும் முடியும். நான்கு சண்டை போட்ட பிறகு, கதையும் வேண்டும், தானே ஆட்டம் திறக்கவும் வேண்டும் என்று தோன்றும். அப்போது கடைக்குப் போவார்கள். இலவச மாதிரியை இவ்வளவு சாமர்த்தியமாகக் கொடுத்த நிறுவனம் அந்தக் காலத்தில் குறைவு.

மல்டிபிளேயர் பட்டியலில் நாலு வழி இருக்கும்: பேட்டில்.நெட், ஐபிஎக்ஸ் (அன்றைய நெட்வொர்க் நெறிமுறை) லேன், மோடம், நேரடி கேபிள். மோடமில் இருவர்தான். லேனில் எட்டுப் பேர் வரை. விடுதிகளில் ஓடியதெல்லாம் ஐபிஎக்ஸ். நண்பர் திறந்த ஆட்டம் பட்டியலில் தெரியவில்லை என்றால் பெரும்பாலும் மூன்றில் ஒன்று காரணம். ஒன்று, பேட்ச் (திருத்தப் பதிப்பு) எண் வேறு. எல்லா மெஷினிலும் ஒரே பதிப்பு இருந்தாக வேண்டும். இரண்டு, விண்டோஸ் 95இல் ஐபிஎக்ஸ் ஃபிரேம் வகை ‘ஆட்டோ’ என்று விடப்பட்டு, ஒரு மெஷின் 802.2 என்றும் இன்னொன்று 802.3 என்றும் தானாக எடுத்துக்கொண்டிருக்கும். நெட்வொர்க் அமைப்பில் போய் எல்லாவற்றிலும் ஒரே வகையைக் கைமுறையாகத் தேர்ந்தால் சரியாகும். மூன்று, அன்றைய கோஆக்சியல் கேபிளின் இரு முனையிலும் இருக்க வேண்டிய 50 ஓம் டெர்மினேட்டரில் ஒன்று கழன்றிருக்கும். அது கழன்றால் ஒரு மெஷின் மட்டும் போகாது, மொத்த லேனும் படுத்துவிடும்.

கொரியாவுக்கு வருவோம். 1997 இறுதியில் பொருளாதார நெருக்கடி வந்து வேலை போனவர்களில் பலர் பிசி பாங் திறந்தார்கள். நம் ஊர் ப்ரௌசிங் சென்டரின் அண்ணன் என்று வைத்துக்கொள்ளுங்கள், மணிக்கு ஆயிரம் வொன் அளவில் கட்டணம். ஜப்பானியக் கலாச்சாரப் பொருள்களுக்குத் தடை இருந்து, 1998இல்தான் படிப்படியாகத் தளர ஆரம்பித்தது. அதனால் டிவியில் இணைத்து ஆடும் ஜப்பானியக் கன்சோல்கள் வீடுகளில் வேர்விடவில்லை. அதே நேரத்தில் அகலப்பட்டை இணையம் வேகமாகப் பரவியது. இந்த மூன்றும் கூடிய இடத்தில் ஸ்டார்கிராஃப்ட் வந்து விழுந்தது. பிசி பாங்கில் புதியவர் கையேடு படிப்பதில்லை. பக்கத்து நாற்காலிக்காரர் என்ன செய்கிறார் என்று பார்ப்பார், தோற்பார், ‘முதலில் இதைக் கட்டு’ என்று ஒரு திட்டு வாங்குவார், அடுத்த ஆட்டம் தொடங்குவார். பில்ட் ஆர்டர், அதாவது எதை எந்த வரிசையில் கட்டுவது என்கிற விஷயம், அங்கே வாய்மொழியாகவே பரவியது. 1999இல் டூனிவர்ஸ் என்ற கார்ட்டூன் சானலில் போட்டிகள் ஒளிபரப்பாகின. 2000இல் ஆன்கேம்நெட் என்று விளையாட்டுக்கென்றே ஒரு சானல் வந்தது. அதன் பிறகு சுட்டியைத் தொடாத வீட்டுப் பெரியவர்களும் அதைத் தொலைக்காட்சியில் கண்டார்கள். 2009 வாக்கில் உலகம் முழுக்க விற்ற 95 லட்சம் பிரதிகளில் ஏறத்தாழ 45 லட்சம் கொரியாவில் விற்றவை.

மேப் வழியாக நுழைந்தவர்கள் தனி இனம். விளையாட்டோடு மேப் உருவாக்கும் எடிட்டரும் சேர்ந்தே வந்தது. ‘யூஸ் மேப் செட்டிங்ஸ்’ என்ற வகையில் ஆட்டம் திறந்தால், மேப்பை உருவாக்கியவர் எழுதிய விதிகளே செல்லும். கோபுரம் கட்டித் தடுக்கும் ஆட்டம், ஓடித் தப்பிக்கும் ஆட்டம், நாயகன் ஒருவனை மட்டும் நடத்தும் ஆட்டம் எல்லாம் அங்கே முளைத்தவை. ‘ஏயான் ஆஃப் ஸ்ட்ரைஃப்’ என்ற அத்தகைய மேப்பிலிருந்துதான் பின்னால் வார்கிராஃப்ட் 3இல் டோட்டா என்ற அணி ஆட்டத்தின் யோசனை வந்தது. இவை பரவிய விதம் கவனிக்கத்தக்கது. லாபியில் நுழைந்ததும், உங்களிடம் அந்த மேப் இல்லையென்றால் ஆட்டத்தைத் திறந்தவரின் கணினியிலிருந்தே இறங்கி, ‘டவுன்லோட்’ அடைவில் தங்கிவிடும். நாளை நீங்களே அதைத் திறக்கலாம். மோடம் இணைப்பில் வந்தவர் நுழைந்தால் அவருக்கு இறங்கி முடியும்வரை ஏழு பேரும் காத்திருக்க வேண்டும். வசவு விழும், பலர் வெளியே தள்ளப்படுவார்கள். எஸ்சிஎக்ஸ் என்று முடியும் கோப்புகள் புரூட் வார் மேப்கள். அசல் விளையாட்டு மட்டும் வைத்திருப்பவரால் அவற்றைத் திறக்க முடியாது. புரூட் வாரை வாங்க வைத்ததில் இதற்கும் பங்கு உண்டு.

‘பிக் கேம் ஹன்டர்ஸ்’ போன்ற பண மேப்களையும் சொல்ல வேண்டும். மினரல் தீராத குவியல், எட்டுப் பேர், ‘நோ ரஷ் 20’ (20 நிமிடம் யாரும் தாக்கக் கூடாது) என்று முன்கூட்டிய ஒப்பந்தம். ஜாலியாக இருக்கும். ஆனால் அங்கே வளர்ந்தவருக்கு விரிவாக்கம் (புது மினரல் அருகே இன்னொரு தளம் போடுவது) என்றால் என்னவென்றே தெரியாது. சாதாரண மேப்பில் ஒரு மினரல் கட்டியில் 1,500தான் இருக்கும், தீர்ந்தால் கை கட்டி நிற்க வேண்டியதுதான்.

கொரியாவுக்கு வெளியே உயர்தர ஆட்டத்தை மக்கள் கண்டடைந்தது ரீப்ளே (முடிந்த ஆட்டத்தை மறுபடி பார்க்கும் வசதி) வழியாக. 2001இல் வந்த 1.08 பேட்ச் இதைக் கொடுத்தது. ரீப்ளே கோப்பில் வீடியோ கிடையாது, ஆட்டக்காரர் கொடுத்த கட்டளைகள் மட்டுமே பதிவாகும். ஆகவே மோடமிலும் நொடிகளில் இறங்கும். அதே காரணத்தால் பேட்ச் மாறினால் பழைய ரீப்ளே தடம் புரளும், படை ஓரிடத்தில் இருக்க கட்டளை வேறிடத்தில் போகும். இதே பேட்ச்தான் ஜெர்க்கின் ஸ்பானிங் பூல் (ஜெர்க்லிங் என்ற சிறு படையினரை எடுக்கத் தேவையான கட்டடம்) விலையை 150 மினரலிலிருந்து 200 ஆக்கியது. அதற்கு முந்தைய கால ஆலோசனைகளைப் படித்தால் கணக்கு இடிக்கும்.

சரி, இன்று எப்படித் தொடங்குவது. 2017 ஏப்ரலிலிருந்து அசல் விளையாட்டும் புரூட் வாரும் இலவசம். பேட்டில்.நெட் கணக்கு ஒன்று தொடங்கி, அவர்களுடைய செயலியை நிறுவி, ஸ்டார்கிராஃப்டைத் தேர்ந்து இறக்கினால் முடிந்தது. அதே ஆண்டு ஆகஸ்டில் வந்த ரீமாஸ்டர்டு காசுக்கு. படங்கள் கூர்மையாகும், தரவரிசை ஆட்டமும் அதில்தான். எஃப்5 அழுத்தினால் பழைய உருவத்துக்கும் புதியதற்கும் மாறலாம். தொடக்கத்துக்கு இலவசமே போதும், காசு கொடுக்க அவசரம் இல்லை.

பழைய சிடியை வைத்துத்தான் ஆடுவேன் என்பவர்களுக்கு: 1.15.2 அல்லது அதற்குப் பிந்தைய பேட்ச் போட்டால் சிடி செருக வேண்டியதில்லை. அசல் சிடியிலுள்ள இன்ஸ்டால்.எக்ஸ்இ கோப்பை விளையாட்டு அடைவுக்குள் நகலெடுத்து ஸ்டார்கிராஃப்ட்.எம்பிக்யூ என்று பெயர் மாற்றுங்கள். புரூட் வார் சிடியிலுள்ளதை புரூட்வார்.எம்பிக்யூ என்று மாற்றுங்கள். விண்டோஸ் கோப்பு நீட்டிப்பை மறைத்து வைத்திருந்தால் பெயரின் கடைசியில் எக்ஸ்இ ஒட்டிக்கொண்டே இருக்கும், சிடி கேட்பதும் நிற்காது. முதலில் நீட்டிப்பைக் காட்டச் சொல்லுங்கள். விண்டோஸ் 7இல் புல்லும் தண்ணீரும் ஊதா, சிவப்பு என்று வானவில்லாகத் தெரிந்தால், 256 நிறப் பட்டியலில் எக்ஸ்ப்ளோரர் கை வைக்கிறது என்று பொருள். டாஸ்க் மேனேஜரில் அதை நிறுத்திவிட்டு ஆடி, முடிந்ததும் மறுபடி இயக்கலாம். விஸ்டாவிலிருந்து ஐபிஎக்ஸ் கிடையாது. லேன் ஆட 1.09 பேட்சில் வந்த யுடிபி வழியைத் தேருங்கள்.

ஆட்டத்துக்குள் போனதும் முதல் சில நிமிடங்கள்தான் எல்லாம். எல்லோருக்கும் 4 தொழிலாளர், 50 மினரல். அந்த 50க்கு உடனே அடுத்த தொழிலாளரை எடுங்கள், நாலு பேரையும் தனித்தனிக் கட்டிக்கு அனுப்புங்கள். இந்த விளையாட்டில் புதிதாகப் பிறக்கும் தொழிலாளர் தானாக வேலைக்குப் போக மாட்டார், ஒவ்வொருவரையும் நீங்களே அனுப்ப வேண்டும். ஸ்டார்கிராஃப்ட் 2இலிருந்து பின்னோக்கி வருபவர்கள் முதலில் சறுக்குவது இங்கேதான். அடுத்தது, ஒரே சமயம் 12 யூனிட்டுக்கு மேல் தேர்ந்தெடுக்க முடியாது, கட்டடங்களையும் ஒவ்வொன்றாகத்தான் தேர வேண்டும்.

எண்ணிக்கைக் கணக்கு (எண் என்பது அப்போது உங்களிடம் இருக்கும் தொழிலாளர் எண்ணிக்கை): புரோட்டாஸ் என்றால் 8இல் பைலான், 10இல் படை எடுக்கும் கேட்வே, 12இல் கேஸ் எடுக்கும் கட்டடம். டெர்ரன் 9இல் சப்ளை டிப்போ, 11இல் படை எடுக்கும் பேரக்ஸ். ஜெர்க் 9இல் ஓவர்லார்ட், 12இல் இரண்டாவது ஹேச்சரி (ஜெர்க்கின் தலைமைக் கட்டடம்), அதைக் கட்டப் போன டிரோன் (ஜெர்க் தொழிலாளர்) கரைந்துவிடுவதால் 11இல் பூல். பைலான், டிப்போ, ஓவர்லார்ட் மூன்றுமே 100 மினரல், படைக்கும் தொழிலாளருக்குமாகத் தருவது 8 இடம். இதைக் கட்ட மறந்து, இடம் நிரம்பி உற்பத்தி நிற்பதுதான் புதியவர் தோற்கும் முதல் காரணம். கேஸுக்கு 3 பேர் வையுங்கள், நான்காவது ஆள் சாதாரணமாக வீண்.

ஜெர்க் எதிராளி 4 டிரோனிலேயே பூல் போட்டால் 6 ஜெர்க்லிங் சிறிய மேப்பில் மூன்று நிமிடம் ஆவதற்குள் வாசலில் நிற்கும். பதறித் தொழிலாளர்களைச் சிதறவிட்டால் ஆட்டம் போச்சு. எல்லோரையும் ஒரே மினரல் கட்டியின் மேல் கிளிக் செய்து குவித்து, குவிந்த கணத்தில் திருப்பி அடிக்கச் சொல்லுங்கள். அவனிடம் பொருளாதாரமே இல்லை. அந்த ஆறையும் சமாளித்துவிட்டால், மீதி ஆட்டம் உங்கள் கையில்தான். கேம்பெய்னில் டெர்ரன் பத்தையும் முடித்ததும் நேரே மனிதர்களோடு ஒருவருக்கு ஒருவர் சாதாரண மேப்பில் ஆடுங்கள், தோற்ற ஒவ்வொன்றின் ரீப்ளேயையும் எதிராளியின் பக்கத்திலிருந்து பாருங்கள். பண மேப்களை அதற்குப் பிறகு வைத்துக்கொள்ளலாம்.