கிராஸ், நெட், ஷேர்: என்ன வித்தியாசம்?

தமிழக எல்லையை ஒட்டிய பாலக்காடு மாவட்டத்துக் கொழிஞ்ஞாம்பாறையிலிருந்து கேட்டிருக்கிறீர்கள்: சினிமா வசூல் செய்திகளில் வரும் கிராஸ், நெட், ஷேர் மூன்றும் ஒன்றா? ஒன்றல்ல. இவற்றைக் குழப்புவதால்தான் ரசிகர்களிடையே பாதிச் சண்டை நடக்கிறது.

டிக்கெட் கவுன்டரில் விழும் முழுப் பணம் கிராஸ். ஒரு தியேட்டரில் ஒரு நாளில் 1,18,000 ரூபாய் வசூல் என்று வையுங்கள். ஜிஎஸ்டி, உள்ளாட்சி கேளிக்கை வரி எல்லாம் சேர்ந்து 18,000 போனால் மீதி ஒரு லட்சம் நெட். அதில் தியேட்டர்காரர் பாதியை எடுத்துக்கொண்டால், விநியோகஸ்தர் கைக்கு வரும் 50,000தான் ஷேர். இந்த விகிதம் படத்துக்குப் படம், வாரத்துக்கு வாரம் மாறும். போஸ்டரில் இருப்பது பெரும்பாலும் கிராஸ். படம் போட்ட முதலைத் தேற்றியதா என்பதை ஷேரை வைத்துத்தான் சொல்ல முடியும்.

நம் எல்லைப் பகுதிக்கு இன்னொரு சொல் முக்கியம்: டெரிட்டரி, அதாவது விநியோக ஏரியா. அதே தமிழ்ப் படத்தை நீங்கள் பொள்ளாச்சியில் பார்த்தால் பணம் கோவை ஏரியா கணக்கில் சேரும்; சித்தூரிலோ பாலக்காட்டிலோ பார்த்தால் கேரளக் கணக்கு. கேரள உரிமை தனியாக விற்கப்படுகிறது.

அந்த விற்பனையில் வரும் சொற்கள்: மினிமம் கேரன்டி என்றால் விநியோகஸ்தர் கொடுத்த தொகை, படம் ஓடாவிட்டாலும் திரும்பாது. அட்வான்ஸ் முறையில், கொடுத்த தொகைக்கு வசூல் வராவிட்டால் குறையும் பாக்கியைத் தயாரிப்பாளர் திருப்பித் தர வேண்டும். அவுட்ரைட் என்றால் உரிமையை மொத்தமாக வாங்கிவிடுவது. லாபமும் நஷ்டமும் வாங்கியவருக்கே.